ஊட்டியில் செய்த பிலிம்

ஜூன் 7

குன்னூரில் பெரியப்பா ஸ்டூடியோவைக் காலி செய்கிறார். உதவிக்குப் போனேன். நெகட்டிவைப் பெரிய படமாக்கும் என்லார்ஜர், டிரேக்கள், ஹைப்போ கெமிக்கல் டப்பா எல்லாம் வராந்தாவுக்கு வந்துவிட்டன. பீரோவுக்கு அடியில் ‘இந்து’ பிலிமின் காலிப் பெட்டிகள். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் சரக்கு. “ரோலுக்கு 12 படம்தான்டா. தாலி கட்டுற நேரத்துல ரோல் தீரக் கூடாதுங்கறதே பெரிய கவலை” என்றார்.

ஜூன் 8

டிஜிட்டல் வந்துதான் அந்தத் தொழிற்சாலை படுத்தது என்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. 1960-இல் தொடங்கிய நிறுவனம், உற்பத்தி 1967-இல். தூசியில்லாத குளிர்ந்த காற்றுக்காக ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது 1996-இல். அப்போது இங்கே டிஜிட்டல் கேமராவைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அங்கே செய்த கறுப்பு வெள்ளை பிலிமைக் கலர் ஏற்கெனவே ஓரங்கட்டியிருந்தது. பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடன் வேறு. டிஜிட்டல் வந்து எழுந்திருக்கும் வழியை அடைத்தது, அவ்வளவுதான்.

டிஜிட்டல் சாய்த்தது என்றால் அது அமெரிக்க பிலிம் நிறுவனமான கோடாக்கை. அதிலும் வேடிக்கை, 1975-இல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தவர் அங்கேயே வேலை பார்த்த ஸ்டீவன் சாசன். 2012-இல் கோடாக் திவால் மனு போட்டது.

ஜூன் 10

கலர் லேப்கள் ஏன் அப்படித் திடீரென்று மூடின என்று கேட்டேன். பெரியப்பா சொன்ன காரணம் நான் யோசிக்காதது. கலர் நெகட்டிவ் கழுவும் கெமிக்கல் 38 டிகிரியில் இருக்க வேண்டும். ரோல் ஓட ஓடத்தான் புதுக் கெமிக்கல் சேர்ந்து சரியாக இருக்கும். வரத்து குறைந்தால் தொட்டியிலேயே கெட்டுப்போகும். படத்தில் நிறம் மாறும். பாதி வியாபாரத்தில் பாதி லாபம் என்ற கணக்கே அங்கே கிடையாது. ஒரு அளவுக்குக் கீழே போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

கறுப்பு வெள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. குளியலறையை இருட்டாக்கினால் போதும். இங்கிலாந்தில் இல்ஃபோர்டு நிறுவனம் இன்றும் கறுப்பு வெள்ளை பிலிமைத் தயாரிக்கிறது. ஊட்டியில் செய்ததும் அதே சரக்குதான். எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 14

என்லார்ஜருக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் கிலோ விலை சொன்னார். கோவையிலிருந்து ஒரு கல்லூரிப் பையனும் கேட்டிருக்கிறான். பெரியப்பா விலையே பேசவில்லை. “பிலிம் கழுவத் தெரியுமான்னு கேளு” என்கிறார். தெரியுமாம். லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது. அதைத் துடைக்காமல் கொடுக்க மாட்டாராம். அதனால் பையனை அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.