நீல அச்சுக் கரைசல்: 20 சதவீதம் எதற்கு எது?

தாளையும் வெயிலையும் மாற்றாமல் சிட்ரேட் கரைசலின் செறிவை மட்டும் சரிசெய்ததில், பினாங்கு வெயிலில் எடுத்த நீல அச்சின் (இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளை வெயிலில் காட்டி எடுக்கும் சயனோடைப் படம்) கரும்பகுதிகள் இம்முறை நான் விரும்பிய ஆழத்தை எட்டின.

செய்முறை, நீல அச்சைக் கண்டுபிடித்த ஜான் ஹெர்ஷல் வழியில் வந்த பழையதே: ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25%, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10%, இரண்டும் 100 மி.லி. கரைசலில் இத்தனை கிராம் என்ற கணக்கில். ஆயத்தமாக வாங்கிய சிட்ரேட் புட்டியிலோ வெறுமனே ‘20%’ என்றிருந்தது. இப்படி எழுதுவது எனக்குச் சற்றும் பிடிக்காத வழக்கம். கேட்டபோது, 100 மி.லி. நீரில் 25 கிராம் கரைத்ததாக விற்பனையாளர் சொன்னார். அப்படியானால் 125 கிராம் கரைசலில் 25 கிராம், அதாவது எடைக்கு எடை 20%. இதைக் கனஅளவுக் கணக்குக்கு மாற்ற அடர்த்தி தெரிய வேண்டும். பிப்பெட்டால் 10 மி.லி. எடுத்துச் சிறு தராசில் நிறுத்தபோது 11.1 கிராம் காட்டியது, 20ஐ 1.11ஆல் பெருக்க, 22.2% கிடைத்தது. ‘100 மி.லி. நீரில்’ என்பதும் ‘100 மி.லி. ஆகும்வரை நீர் சேர்த்து’ என்பதும் இவ்வளவு விலகுகின்றன.

ஆகவே நானே 25 கிராம் சிட்ரேட் தூளை 60 மி.லி. வாலைவடிநீரில் முழுதும் கரைத்து, பிறகே அளவுக் குடுவையின் கோடுவரை நிரப்பினேன். குடுவை 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. நம் ஊர் அறை 30 டிகிரி. அதனால் வரும் பிழை கால் சதவீதம்தான், விட்டுவிடலாம். உண்மையான தொல்லை ஈரக்காற்று: சிட்ரேட் தூள் ஈரம் உறிஞ்சும், நிறுத்த 25 கிராமில் ஒரு கிராம் நீராக இருந்தாலே 4% போய்விடும். சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடிவைத்து, திறந்த உடனே நிறுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மோலாரில் (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்ற கணக்கில்) எழுதினால் குழப்பம் தீரும் என்பார்கள். ஃபெர்ரிசயனைடுக்குச் சரி, மோலார் நிறை 329, எனவே 10% என்பது 0.30 மோலார். சிட்ரேட்டுக்கு நிலையான வாய்பாடே இல்லை, இரும்பின் அளவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். நீல அச்சுக்குப் புதுச் செய்முறை வகுத்த வேதியியலர் மைக் வேரின் செய்முறையில் வரும் அம்மோனியம் இரும்பு ஆக்சலேட்டுக்கு அந்தச் சிக்கல் கிடையாது: மோலார் நிறை 428, எனவே 100 மி.லி.க்கு 30 கிராம் என்பது 0.70 மோலார். அடுத்து அதைத்தான் செய்யப்போகிறேன். அதிலுள்ள டைக்ரோமேட் நச்சுப்பொருள் என்பதால் அதை மட்டும் விட்டுவிடுவேன்.

அதற்குமுன், மீதமுள்ள ஆயத்தக் கரைசலைப் பூஞ்சை பிடிப்பதற்குள் 25%க்கு உயர்த்த வேண்டும். 100 மி.லி.க்கு 2.8 கிராம் போதும் என்று தோன்றும். ஆனால் கரையும் தூள் கிராமுக்கு அரை மி.லி. இடம் பிடிப்பதால் 3.2 கிராம் சேர்க்க வேண்டும்.