சுகருக்கு மாம்பழம் மட்டும்தான் காரணமா?

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் சுகர் இருக்கிறது என்று டெஸ்ட்டில் வந்துவிட்டது. திருப்பூர்ப் பக்கம் வீடு. அன்றைக்குச் சாயங்காலமே மொத்தக் குடும்பமும் தீர்ப்பு எழுதிவிட்டது: மாம்பழம் தின்றாள், அம்மாயி கொடுத்துவிட்ட கச்சாயத்தை (வெல்லப் பலகாரம்) ஒளித்து வைத்துத் தின்றாள், வாயைக் கட்டியிருந்தால் இது வந்திருக்குமா. அந்தப் புள்ள ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது, அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். கர்ப்பம் வளர வளர நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை முழுசாக வேலை செய்ய விடாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கும், குழந்தைக்குச் சத்து போக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்க வேண்டும், முடியாதபோது சுகர் ஏறுகிறது. அப்பா அம்மாவுக்குச் சுகர், கூடுதல் எடை, சினைப்பை நீர்க்கட்டி, முப்பது தாண்டிய வயது என்று ஏற்கெனவே பாரம் உள்ளவர்களுக்கு ஏறும் வாய்ப்பு அதிகம். சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கச்சாயத்தின் மேல் மொத்தப் பழியையும் போடுவது அநியாயம்.

அந்தப் பாரத்தில் நாம் மூச்சாக இழுக்கும் காற்றுக்கும் பங்கு இருக்கலாம் என்று கொஞ்ச வருடங்களாக ஆராய்ச்சிகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பிஎம் 2.5 என்கிற நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு கூட இருக்காது. நுரையீரலின் அடி வரைக்கும் போய், அதில் மிகச் சிறியவை ரத்தத்திலும் கலந்துவிடும். அதனால் உடம்பில் லேசான அழற்சி நீடிக்கிறது, அழற்சி நீடித்தால் இன்சுலின் சொல்வதைத் திசுக்கள் சரியாகக் கேட்பதில்லை. நஞ்சுக்கொடி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் அதே வேலையைப் புகையும் சேர்ந்து செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 2014-ல் வெளியான ஆய்வில், நுண்துகளும் வண்டி நெரிசலும் அதிகமான இடங்களில் இருந்த கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருப்பது அதிகமாகத் தெரிந்தது, ஆனால் முழு அளவிலான கர்ப்பகாலச் சர்க்கரை நோயோடு அந்தத் தொடர்பு தெரியவில்லை. பிறகு தெற்குக் கலிபோர்னியாவில் லட்சக்கணக்கான கர்ப்பப் பதிவுகளை எடுத்துப் பார்த்ததில் அந்த நோயோடேயே தொடர்பு தெரிந்தது. சில ஆய்வுகளில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆக, எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் புகையால்தான் வந்தது என்று நான் சாதிக்க முடியாது. மாம்பழத்தால்தான் வந்தது என்று அவர்களும் சாதிக்க முடியாது, அவ்வளவுதான்.

நம் ஊர்க் கணக்கும் ஒன்று உண்டு, சுகரைப் பற்றியது இல்லை, பிறப்பு எடையைப் பற்றியது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 1,285 பேரைத் தொடர்ந்து பார்த்து 2018-ல் வெளியிட்டது. ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. 4 கிராம்தானே என்று தோன்றும். ஆனால் விறகடுப்பு வீட்டுக்கும் கேஸ் அடுப்பு வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து மைக்ரோகிராமோடு நிற்பதில்லை.

மாசு என்றாலே நமக்கு டெல்லிதான் ஞாபகம் வருகிறது. இங்கே கோவை, திருப்பூர்ப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறதே, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று ஒரு தைரியம். ஆடியில் சரி. மார்கழி தை விடிகாலையில் வெளியே வந்து பாருங்கள், புகை ஆள் உயரத்துக்குப் படிந்து நிற்கும். சாயப்பட்டறை பாய்லர், இரும்பு வார்க்கும் பவுண்டரி, கல் குவாரி கிரஷர், காங்கேயம் பக்கம் தொட்டிக்கரி (தேங்காய்ச் சிரட்டைக் கரி) சுடும் புகை, வெள்ளலூர்க் குப்பைமேட்டில் தீப்பிடிக்கும்போது வரும் புகை, முக்குக்கு முக்கு கொளுத்தும் பனியன் வேஸ்ட். கரும்புச் சோகை (காய்ந்த தோகை) கொளுத்துவதை மட்டும் விவசாயம் என்பதால் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, அதையே மூடாக்காகப் போட்டால் மண்ணுக்கு நல்லது என்று தெரிந்தும். இந்திய அரசு ஆண்டுச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5. நம் வரம்புக்குள்ளேயே இருந்தாலும் அவர்கள் சொல்லும் அளவைப் போல எட்டு மடங்கு வரை போகலாம்.

அப்புறம் வெந்நீர் அடுப்பு. சமையலுக்குக் கேஸ் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, குளிக்கிற தண்ணீருக்கு மட்டும் வாசலில் இன்னும் தென்னை மட்டையும் பாளையும்தான். பற்ற வைக்க ஒரு பிளாஸ்டிக் கவர் வேறு. சும்மா கிடக்கிற மட்டைதானே, எதற்குக் கேஸைச் செலவு செய்ய வேண்டும் என்பது நியாயமான கேள்விதான், ஆனால் அதன் முன்னால் குனிந்து ஊதுவது யார்? பெரும்பாலும் மாசமாக இருக்கும் மருமகள். வாக்கிங் போகச் சொல்லுகிற குடும்பம் அந்த அடுப்பை யாராவது ஆம்பளையை மூட்டச் சொன்னால் நன்றாக இருக்கும். வாக்கிங்கும் லாரி ஓடும் மெயின் ரோட்டில் வேண்டாம், தோட்டங்காட்டுப் பக்கமோ மொட்டை மாடியோ போதும்.

காற்றை ஒருத்தியால் மாற்ற முடியாது. டெஸ்ட்டைக் கேட்டு வாங்க முடியும். கர்ப்பம் தெரிந்து முதல் முறை போகும்போது ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் சுகர். வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பதில்லை. பஸ் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். இந்த முறைக்காகப் பல காலம் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா, அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

வந்துவிட்டால் பலருக்குச் சாப்பாட்டு அளவிலேயே அடங்கிவிடும், அடங்காவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ டாக்டர் சொல்வார். ராகிக்களி எவ்வளவு தின்றாலும் ஏறாது என்று சொல்லும் பெரியம்மாக்களை மட்டும் நம்பாதீர்கள், அளவு மீறினால் களியும் ஏறும், அரிசிம்பருப்புச் சாதமும் ஏறும்.

இன்னொன்று. பிரசவம் ஆனதும் பெரும்பாலும் சுகர் இறங்கிவிடும், அதோடு எல்லாரும் மறந்துவிடுவார்கள். பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு இந்தப் பெண்களுக்கு அதிகம், அதனால் ஆறு வாரம் கழித்து 75 கிராம் டெஸ்ட்டை மறுபடி, இந்த முறை வெறும் வயிற்றில் போய், எடுக்க வேண்டும். அம்மா வீட்டில் இருப்பார்கள், வெளியே விட மாட்டார்கள். ஆனால் குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட எப்படியும் போய்த்தானே ஆக வேண்டும். அன்றைக்கே தாய்க்கும் எடுக்க முடியுமா என்று நர்ஸிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துவிடுங்கள்.