பரங்கிமலைப் படிகளில்

கொஞ்ச நாளாகவே என் ஜெபம் வறண்டு கிடந்தது. காலையில் வேதாகமத்தைத் திறப்பேன், ஒரு சங்கீதம் வாசிப்பேன், மூடி வைப்பேன். ஞாயிறு ஆராதனையை விட்டதில்லை. ஆனாலும் ஆண்டவரோடு பேசுகிறோம் என்ற உணர்வு மட்டும் வரவில்லை. அந்தக் குறை பசி மாதிரி உள்ளுக்குள்ளேயே இருந்தது.

நாங்கள் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்ட் சபை. பெரியம்மா கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். "சும்மா என்கூட மலைக்கு வா" என்றார். போன சனிக்கிழமை மின்சார ரயிலில் பரங்கிமலைக்குப் போய் இறங்கினோம்.

மலை மேல் வரைக்கும் வண்டி போகும். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. ஆட்டோ பிடிக்கட்டுமா என்றேன். "படியிலதான் ஏறணும்" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். 130க்கும் மேற்பட்ட படிகள். ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் கட்டித் தந்தவை. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726இல் பாலம் கட்டியவரும் அவர்தான். வழிநெடுக, இயேசு சிலுவை சுமந்து போனதை நினைவுகூரும் சிலுவைப்பாதை நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் பெரியம்மா நின்று, ஜெபமாலை மணியைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி முணுமுணுத்தார். அந்த மணிகளில் சாயம் போய் மரம் தெரிந்தது.

இயேசுவின் சீஷரான தோமா இந்த மலையில்தான் கி.பி. 72இல் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது மரபு. சின்ன வயதிலிருந்தே 'சந்தேகத் தோமா' என்று கேட்டு வளர்ந்தவன் நான். அது அவருக்குச் செய்த அநியாயம் என்று இப்போது நினைக்கிறேன். உயிர்த்தெழுந்த இயேசுவை மற்ற சீஷர்கள் கண்டுவிட்டார்கள், அவர் மட்டும் அன்றைக்கு அங்கே இல்லை. தானும் காண வேண்டும், அந்தக் காயத்தில் கை வைக்க வேண்டும் என்று கேட்டார். எனக்கு அதில் தெரிவது ஏக்கம்தான். எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது தோமா அவர்களோடுதான் இருந்தார். ஒன்றும் காணாமலே அந்த எட்டு நாளையும் கடந்திருக்கிறார். இதை நான் இதுவரை யோசித்ததே இல்லை.

மேலே உள்ள ஆலயம் போர்த்துக்கீசியர் 1523இல் கட்டியது. பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் மரியாளின் பெயரால் அமைந்தது. பீடத்தில் 1547இல் கிடைத்த கற்சிலுவை. தோமாவே செதுக்கியது என்பார்கள். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. சிலுவைக்கு மேலே ஒரு புறா இறங்கி வருகிறது. அந்த எழுத்தை வாசித்த அறிஞர் ஒருவர், இதைச் செதுக்கியவனுக்கு இரங்கும் என்று கிறிஸ்துவிடம் கேட்கும் வேண்டுதல் என்கிறார். முழங்காலிட்டேன். யாரோ ஒருவர் உளியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, எனக்கு இரங்கும் ஆண்டவரே என்று கல்லில் வெட்டியிருக்கிறார். எனக்கும் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. அதையே சொன்னேன். கண் நிறைந்துவிட்டது.

வெளியே வந்தால் கீழே மீனம்பாக்கம் ஓடுபாதை, விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. படியில் பாதி இறங்கியதும் பெரியம்மா உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

"ரொம்ப வலிக்குதா பெரியம்மா?"

"வலிக்குதுப்பா" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "அடுத்த மாசமும் கூட்டிட்டு வா."