பர்ன்பேங்க்கில் எங்கள் வீடும் ஜாக் ஸ்டீனும்

நாங்கள் ஸ்காட்லாந்துக்கு வந்து ஹாமில்டனில் குடியேறியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எனக்கு வேலை கிடைத்த முதியோர் இல்லம் அந்தப் பக்கம் இருந்தது, கிளாஸ்கோவைவிட வாடகை குறைவு, அவ்வளவுதான். வீடு அமைந்தது பர்ன்பேங்க் என்கிற பகுதியில். இல்லத்தில் ஒரு பெரியவருக்குத் தேநீர் கொடுக்கும்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கோப்பையை வாங்காமலே நிமிர்ந்து பார்த்தார். "பிக் ஜாக் பிறந்த ஊர் ஆச்சே அது!" யார் அந்த ஜாக் என்று கேட்டேன். அன்று மாத்திரை வண்டியை நான் தள்ளிக்கொண்டு கிளம்பத் தாமதமாகிவிட்டது.

ஜாக் ஸ்டீன், பின்னாளில் கிளாஸ்கோவின் செல்டிக் கால்பந்து அணிக்கு மேலாளராகிப் பெயர்பெற்றவர். 1922 அக்டோபர் 5 அன்று இங்கே பிறந்த சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. பள்ளியை விட்டதும் கொஞ்ச நாள் கம்பள ஆலை, அப்புறம் நிலக்கரிச் சுரங்கம். 27 வயது வரை வாரம் முழுக்கப் பூமிக்கு அடியில் வேலை. சனிக்கிழமையானால் கோட்பிரிட்ஜில் இருக்கும் ஆல்பியன் ரோவர்ஸ் என்ற சின்னக் கால்பந்து அணிக்குப் பின்களத்தில் ஆட்டம். சுரங்கத்தில் கூட வேலை பார்த்தவர்களைவிட நல்ல மனிதர்களை வேறு எங்கேயும் பார்க்கப் போவதில்லை என்று பின்னாளில் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் உட்கார்ந்து கேட்டேன் என்றால், அதற்குக் காரணம் நான் நெய்வேலிக்காரி. அப்பா என்.எல்.சி. தொழிலாளி. ஆனால் எங்கள் ஊர்ச் சுரங்கம் என்பது வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் பெரும்பள்ளம். வெயிலும் மழையும் தலையில் விழும். இங்கே அப்படி இல்லை. கூண்டில் இறங்கினால் இருட்டு. பக்கத்து பிளாண்டயரில் 1877இல் நடந்த வெடிவிபத்தில் 200க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். நான் சொல்லும் பெரியவரும் பழைய சுரங்கத் தொழிலாளிதான். அவருக்குச் சட்டை மாற்றிவிடும்போது முதுகிலும் முன்கையிலும் நீலக் கோடுகளைப் பார்த்து, பச்சை குத்தியது என்றே நினைத்தேன். இல்லை. காயம்பட்ட இடத்தில் கரித்தூள் புகுந்து, மேலே தோல் மூடிக்கொண்டால் ஆயுசுக்கும் அப்படியே நின்றுவிடுமாம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேற்கு ஸ்காட்லாந்தில் புதிதாக வருபவருக்கு முதலில் புரியாத ஒன்று, ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்பது. நாம் நம் நிறத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள் என்று தயாராக வருகிறோம். அதுவும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பையனைப் பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் எனக்கு அது தட்டுப்பட்டது. இரண்டுமே அரசுப் பள்ளி, இரண்டிலும் கட்டணம் இல்லை. ஒன்று கத்தோலிக்கப் பள்ளி, மற்றது பொதுப் பள்ளி. 1918ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இந்த ஏற்பாடு நடக்கிறது. எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டால் போதும், நீ எந்தப் பக்கம், பச்சையா நீலமா, செல்டிக்கா ரேஞ்சர்ஸா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பச்சை செல்டிக், கத்தோலிக்கர்களின் கால்பந்து அணி. நீலம் ரேஞ்சர்ஸ், புராட்டஸ்டண்டுகளின் அணி. பெயரைக் கேட்டே கண்டுபிடிப்பதும் உண்டு. தெருப் பெயரை வைத்து ஆளை எடைபோடும் ஊரில் பிறந்த நமக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதன் வேரும் குடியேற்றம்தான். பஞ்சத்துக்கும் பிழைப்புக்கும் அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள் என்று உள்ளூர் புராட்டஸ்டண்ட் தொழிலாளர்களுக்குக் கோபம். அந்தக் கத்தோலிக்கர்களின் பசித்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டத்தான் 1887இல் பிரதர் வால்ஃபிரிட் என்ற துறவி கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் செல்டிக் அணியைத் தொடங்கினார். அப்புறம் லிதுவேனியாவிலிருந்து சுரங்க வேலைக்கு ஒரு கூட்டம் வந்து பெல்ஸ்ஹில் பக்கம் தங்கியது. அவர்கள் பேரப்பிள்ளை ஒருவன் இந்தக் கதையில் பின்னால் வருவான்.

ஸ்டீன் பிறந்தது புராட்டஸ்டண்ட் பக்கம். வீட்டுக்கும் நண்பர்களுக்கும் ரேஞ்சர்ஸ்தான் எல்லாம்.

1950இல் அவர் சுரங்கத்தை விட்டுவிட்டு வேல்ஸில் இருக்கும் லனெல்லி என்ற அணிக்கு முழுநேர ஆட்டக்காரராகப் போனார். வாரம் 12 பவுண்டு. பெரிய லீக்கில் இல்லாத அணி அது. இந்தக் கட்டத்தை வரலாறு எழுதுகிறவர்கள் நாலு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு என்னவோ இதுதான் மனதில் நிற்கிறது. மனைவி ஜீனும் சின்ன மகளும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். ஹாமில்டனில் பூட்டிக் கிடந்த வாடகை வீட்டில் திருடன் புகுந்தான். இரண்டாவது தடவையும் புகுந்தான். போதும், ஊருக்கே போய்விடலாம் என்றார் ஜீன். ஸ்டீனும் திரும்பிப் போய்ச் சுரங்கத்திலேயே இறங்கிவிடலாம் என்று முடிவுகட்டிய நேரம் அது. வயது 29. ஆட்டக்காரருக்கு அது சாயங்கால வயது. ஊரில் பூட்டிவிட்டு வந்த வீட்டை நினைத்து ராத்திரி தூக்கம் கெடாத புலம்பெயர்ந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அப்போதுதான் செல்டிக்கிலிருந்து அழைப்பு வந்தது. 1951 டிசம்பர். 1,200 பவுண்டு கொடுத்து வாங்கினார்கள், அதுவும் முதல் அணிக்காக இல்லை. இரண்டாம் அணிப் பையன்களுக்குக் கூட ஒரு அனுபவசாலி இருக்கட்டும் என்றுதான். மூத்த ஆட்டக்காரர்கள் வரிசையாகக் காயம்பட்டதால் இவரை இறக்கினார்கள். பிறகு கேப்டன் ஷான் ஃபாலன் கையை உடைத்துக்கொள்ள, துணைக் கேப்டனாக இருந்த ஸ்டீன் கேப்டன் ஆனார். 1953இல் முடிசூட்டு விழாக் கோப்பை, 1954இல் லீக்கும் ஸ்காட்டிஷ் கோப்பையும் ஒரே பருவத்தில்.

ஆனால் பச்சைச் சட்டையைப் போட்டதற்கு அவர் கொடுத்த விலை இந்த ஊரில்தான். கூடப் படித்தவர்கள், கூடச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் சிலர் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். என் பெரியவர் தீவிர ரேஞ்சர்ஸ்காரர். அறையில் நீலக் கொடி மாட்டியிருக்கிறார். அவரிடம் இதைக் கேட்டேன். "என் அப்பாவும் பேசியிருக்க மாட்டார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் ஜாக் சுரங்கத்துக்காரன்" என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் போகவில்லை, நானும் கிளறவில்லை.

கணுக்காலில் பட்ட அடி ஸ்டீனின் ஆட்டத்தை 1957இல் முடித்துவைத்தது. கடைசி வரை லேசாக நொண்டித்தான் நடந்தார். செல்டிக் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒரு புராட்டஸ்டண்ட் அங்கே மேலாளர் நாற்காலியில் உட்கார முடியாது என்பதுதான் அன்றைய பேச்சு. 1960இல் கீழே விழ இருந்த டன்ஃபெர்ம்லின் அணிக்கு மேலாளராகப் போய் அதை நிமிர்த்தினார். மறுவருடமே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் அதே செல்டிக்கை மறு ஆட்டத்தில் 2-0 என்று தோற்கடித்தார். பிறகு ஹிபர்னியன். 1965 மார்ச்சில் செல்டிக் இறங்கிவந்து கூப்பிட்டது. அந்த அணியின் நாலாவது மேலாளர், முதல் புராட்டஸ்டண்ட்.

இரண்டு ஆட்டக்காரர்கள் ஒரே திறமையோடு வந்தால் யாரை எடுப்பீர்கள் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலை இங்கே எல்லோரும் சொல்வார்கள்: முதலில் புராட்டஸ்டண்டை எடுப்பேன், கத்தோலிக்கனை ரேஞ்சர்ஸ் எப்படியும் எடுக்கப்போவதில்லை, அவன் எங்கே போய்விடுவான்! சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்து ரேஞ்சர்ஸ் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. அது உடைய 1989 ஆயிற்று.

1967 மே 25, லிஸ்பன். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே இத்தாலியின் இன்டர் மிலான். அதன் மேலாளர் எலெனியோ எரேராவிடம் வித்தை பார்த்து வர 1963இல் மிலானுக்கே போயிருந்தவர் ஸ்டீன். ஒரு கோல் போட்டுவிட்டுப் பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது எரேராவின் பாணி. ஏழாவது நிமிடமே பெனால்டியில் மட்சோலா கோல் போட்டார், தாழ்ப்பாள் விழுந்தது. செல்டிக் விடாமல் இடித்துக்கொண்டே இருந்தது. 63ஆம் நிமிடம் ஜெம்மெல், 84ஆம் நிமிடம் சால்மர்ஸ். 2-1. பிரிட்டனிலிருந்து இந்தக் கோப்பையை வென்ற முதல் அணி. அத்தனை பேரும் செல்டிக் மைதானத்தைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். கோல்கீப்பர் சிம்சனுக்கு வயது 36. ஆட்டக்காரர்களின் பல்செட்டுகளைத் தன் தொப்பியில் போட்டு கோல் வலைக்குள் வைத்திருந்தார். வென்றால் படத்துக்குப் பல்லோடு நிற்க வேண்டுமே! அந்த சிம்சனை ஹிபர்னியனில் இருந்தபோது வேண்டாம் என்று விற்றவரே ஸ்டீன்தான். ஸ்டீன் செல்டிக்குக்கு வருகிறார் என்றதும் தன் கதை முடிந்தது என்று சிம்சன் நினைத்தாராம்.

கோப்பையை வாங்கிய கேப்டன் பில்லி மெக்நீல், பெல்ஸ்ஹில்லில் பிறந்தவர், அம்மா வழியில் லிதுவேனியர். முன்னே சொன்ன பேரப்பிள்ளை அவர்தான். சிம்சன், ஜெம்மெல் உட்படச் சிலர் புராட்டஸ்டண்டுகள். என் பையனுக்கு இந்தப் படத்தைக் காட்டி, இவர்களில் யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடி பார்க்கலாம் என்றேன். அவனால் முடியவில்லை, என்னாலும் முடியாது.

இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டி செல்டிக் ரசிகை. அவருக்கு லிஸ்பனைவிடப் பிடித்தது ஜிம்மி ஜான்ஸ்டன் கதை. வியூபார்க் பையன், வலது ஓரத்தில் எதிராளியைச் சுற்றவிடுவதில் மன்னன், ஆனால் விமானம் என்றால் நடுங்குவான். 1968இல் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியோடு முதல் ஆட்டம் கிளாஸ்கோவில், இடைவேளையில் 1-1. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துக் கொடு, அடுத்த ஆட்டத்துக்கு நீ விமானம் ஏற வேண்டாம் என்றார் ஸ்டீன். ஆட்டம் 5-1 என்று முடிந்தது. பயமுறுத்தியும் வேலை வாங்குவார், பயத்தைப் புரிந்துகொண்டும் வாங்குவார்.

1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது லீக் பட்டம். 1970இல் இங்கிலாந்தின் லீட்ஸோடு நடந்த ஐரோப்பியக் கோப்பை அரையிறுதிக்கு ஹாம்ப்டன் மைதானத்துக்கு வந்தவர்கள் 1,36,505 பேர். அந்த வருட இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் ஃபேயனூர்டிடம் தோற்றார்கள். 1975இல் பெரிய கார் விபத்து. மீண்டு வந்தாலும் பழைய ஆள் இல்லை என்கிறார்கள். 1978இல் செல்டிக் அவரை விலக்கி, நிதி திரட்டும் பந்தயச் சீட்டு வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. இத்தனை கொடுத்தவருக்கு இதுவா என்று பாட்டி இன்றைக்கும் கொதிக்கிறார். எனக்கும் அது கேவலமாகத்தான் படுகிறது. அவர் லீட்ஸுக்குப் போய் 44 நாளில் அதையும் விட்டு, ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு வந்தார்.

1985 செப்டம்பர் 10, கார்டிஃப். உலகக் கோப்பை வாய்ப்பு உயிரோடு இருக்க வேல்ஸோடு டிரா போதும். கடைசிக் கட்டத்தில் டேவி கூப்பர் பெனால்டியை அடித்து 1-1 ஆக்கினார். ஆட்டம் முடியும் வேளையில் ஸ்டீன் சரிந்தார். மைதானத்து மருத்துவ அறையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். வயது 62. உதவியாளராகப் பக்கத்தில் இருந்தவர் அலெக்ஸ் ஃபெர்கூசன். அன்று ஹாமில்டனில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று பார்க்காமல் அழுதார்கள் என்று பெரியவரும் பாட்டியும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருவார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் கேட்ட விஷயம் இது ஒன்றுதான்.

நீங்கள் எந்த அணி என்று எங்களையும் கேட்கிறார்கள், டாக்சியில், முடிவெட்டும் கடையில். என் வீட்டுக்காரரும் பையனும் கோட்பிரிட்ஜுக்கு பஸ் ஏறி ஆல்பியன் ரோவர்ஸ் ஆட்டத்துக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். பையனுக்கு டிக்கெட் இல்லை. இங்கே 22 வயதுக்குள் இருப்பவர்களுக்கு பஸ் இலவசம். ரோவர்ஸ் 2023இல் லோலேண்ட் லீக்குக்கு இறங்கிவிட்டது, கூட்டமும் அதிகம் இல்லை, கத்தினால் ஆட்டக்காரரே திரும்பிப் பார்ப்பாராம். அவன் கழுத்தில் இப்போது மஞ்சளும் சிவப்புமாக ஒரு துணி. அதைப் பார்த்து யாரும் முறைப்பதில்லை, "ஐயோ பாவம், இந்த வாரமும் தோற்றுவிட்டீர்களா?" என்றுதான் விசாரிக்கிறார்கள்.