ஸ்வரத்துக்கு 48 குரல்

ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்த புதிதில், ஒரு விளம்பரப் பாட்டுக்குக் கோரஸ் தேவைப்பட்டது. பாட ஆள் இல்லை. நானே ஒரு முறை 'ஆ' என்று பாடிப் பதிந்து, அதையே எட்டு டிராக்கில் காப்பி எடுத்து ஒட்டினேன். சத்தம் கூடியது, கூட்டம் வரவில்லை. சீனியர் திட்டவில்லை. என் காதில் ஹெட்போனை மாட்டி, டென் சிசி என்ற ஆங்கில இசைக்குழுவின் 'ஐம் நாட் இன் லவ்' பாட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆறு நிமிடப் பாட்டு. பாதியிலேயே வேலையை மறந்துவிட்டேன்.

அப்புறம்தான் அதன் கதையைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில், ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் பதிவான பாட்டு. குழுவின் எரிக் ஸ்டூவர்ட்டும் கிரஹாம் கூல்ட்மேனும் முதலில் போஸா நோவா என்ற பிரேசில் தாளத்தில்தான் எழுதினார்கள். குழுவில் கெவின் காட்லிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கைவிட்டார்கள். ஆனால் ஸ்டூடியோவில் வேலை செய்தவர்கள் அதை முணுமுணுத்தபடியே இருந்திருக்கிறார்கள். சரி, மறுபடி பார்ப்போம் என்று உட்கார்ந்தபோது, குரல்களாலேயே செய்யலாம் என்று சொன்னவர் அதே காட்லிதான்.

மூன்று பேர் சேர்ந்து ஒரே ஸ்வரத்தை 16 முறை பாடினார்கள். ஸ்வரத்துக்கு 48 குரல். ஒவ்வொரு ஸ்வரத்தையும், முனைகளை ஒட்டி வளையமாக்கிய ஒலிநாடாவில் நிற்காமல் ஓடவிட்டு, மிக்ஸரில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை ஏற்றி இறக்கி ஒரு வாத்தியம் போல வாசித்தார்கள். எந்த ஃபேடரும் அடிவரை இறங்காதபடி பசை டேப் ஒட்டித் தடுத்திருந்தார்கள். அதனால் எல்லா ஸ்வரமும் அடியில் லேசாகக் கசிந்துகொண்டே இருக்கும். அந்தப் பாட்டில் பனி மாதிரி படர்ந்திருக்கும் சத்தம் அதுதான். இதைவிட அழகான உத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை. நடுவில் கிசுகிசுக்கும் பெண்குரலும் பாடகியுடையது அல்ல. ஸ்டூடியோ அலுவலகத்தில் வேலை பார்த்த கேத்தி ரெட்ஃபர்னுடையது.

1975 மே மாதம் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக வந்தது. பிரிட்டன் பாட்டுத் தரவரிசையில் இரண்டு வாரம் முதலிடம். அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாமிடம். காதலே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லும் பாட்டை ஊரே காதல் பாட்டாகக் கேட்டது. சொற்கள் மறுப்பதை அந்தக் குரல்கள் ஒப்புக்கொண்டுவிடுகின்றன என்றே எனக்குத் தோன்றும்.

அன்று இரவு ஒட்டியதையெல்லாம் அழித்துவிட்டு, 'ஆ'வைத் தனித்தனியாகப் பன்னிரண்டு முறை பாடினேன். பதினோராவதில் குரல் கொஞ்சம் கம்மியது. அதையும் வைத்துக்கொண்டேன்.