ஜன்னலோரத்து கோதுமை நாற்று

நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு அறைக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். 1987 மழைக்காலத்தில் அந்த ஜன்னலோரம் சயன்ஸ் டீச்சர் வரிசையாக வைத்த பால்பவுடர் டப்பாக்கள் என் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன.

பம்பாய்த் தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் திருநெல்வேலிக்காரர்கள். ஆடிக் கொடைக்கு, அதாவது அம்மன் கோயில் திருவிழாவுக்கு, முளைப்பாரி போட்டிருந்தோம். இருட்டறைக்குள் ஆச்சி மட்டும் போய்த் தண்ணீர் தெளிப்பாள். வெளியே எடுத்த அன்று பயிரெல்லாம் வெளிர்மஞ்சளாக, ஒரு சாண் உயரம். முளைப்பாரி போட்ட அன்றே வாசலில் நான் போட்ட பாசிப்பயறு பச்சையாக, குட்டையாக நின்றது.

“இருட்டில் எப்படி டீச்சர் கூடுதலா வளரும்?”

டீச்சர் உட்காரச் சொல்லவில்லை. என்னை நிற்க வைத்தே விளக்கினார். வெளிச்சம் படாத முளை இன்னும் மண்ணுக்கடியில் இருப்பது போலவே நடந்துகொள்ளும். விதையில் இருக்கும் சத்தையெல்லாம் தண்டை நீட்டவே செலவழிக்கும். ஜிப்ரலின் போன்ற ஹார்மோன்கள் அதற்குத் துணை. வெளிச்சம் பட்டதும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி அதை உணரும். தண்டின் ஓட்டம் அடங்கும், இலை விரியும், பச்சையம் ஊறும்.

மறுநாள் கோதுமை கொண்டுவரச் சொன்னார். பீடிக்கடையில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் கேட்டு வாங்கி வந்தோம். 1880-ல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளின் நுனிக்குக் குல்லாய் போட்டுப் பார்த்தார்களாம். நாமும் பார்ப்போம் என்றார். முதல் தடவை மழை ஈரத்தில் எல்லாம் அழுகிப்போயிற்று. டீச்சர் முகம் சுளிக்காமல் மறுபடி விதைக்க வைத்தார். இரண்டாம் தடவை, நுனியை மூடிய நாற்றுகள் நேராக நின்றன. நுனியை விட்டுக் கீழே மூடியவை ஜன்னல் பக்கம் சாய்ந்தன. வெளிச்சத்தை அறிவது நுனி, வளைவதோ அதற்குக் கீழே! அப்படியென்றால் நுனியிலிருந்து ஏதோ ஒன்று இறங்கி வருகிறது.

அது ஒரு பொருள் என்று காட்டியவர் டச்சுத் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட். ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி, அகார் என்ற கடற்பாசிக் கூழின் துண்டின்மேல் வைத்தார். பிறகு அந்த அகாரை மட்டும், நுனி வெட்டிய வேறொரு நாற்றின் ஒரு ஓரத்தில் வைத்தார். இருட்டிலேயே அது மறுபக்கம் வளைந்தது. 1928-ல் வெளிவந்த ஆய்வு. அந்தப் பொருளுக்குத்தான் ஆக்சின் என்று பெயர்.

வெளிச்சம் செடியை இழுக்கிறது என்றே அதுவரை நம்பியிருந்தேன். அது தவறு. ஆக்சின் நிழல் பக்கம் கூடுகிறது, அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகம் நீள்கின்றன, தண்டு எதிர்ப்பக்கம் சாய்கிறது. வேரில் ஆக்சின் கூடினாலோ நீட்சி குறையும். கிடையாகப் போட்ட விதையில் வேரின் அடிப்பக்கம் ஆக்சின் சேரும்; வேர் கீழ்நோக்கித் திரும்புவது அதனால்தான்.

அன்று சாயங்காலம் ஒரு டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆச்சியிடம் காட்டி எல்லாம் சொன்னேன். வளைந்த நாற்றை விரலால் தடவிப் பார்த்தாள். “அப்போ இருட்டுப் பக்கந்தாம்ல வளந்திருக்கு” என்றாள்.

இப்போது டொரன்டோவில் என் ஜன்னலில் வெந்தயம் முளைத்து நிற்கிறது. அந்த டப்பாக்களை நாளுக்கொரு படமாக வரைந்த பிராக்டிகல் நோட்டு நம் வகுப்பில் யாரிடமாவது இருந்தால், நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.