பாலக்கோடு ரோட்டுக்கும் வத்தல்மலைக்கும் ஒரே வண்டி

பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு வேலைக்குப் போய் வர தினமும் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். எட்டு வருஷம் அப்பாவின் ஸ்பிளெண்டரில்தான் போனேன். அந்த வண்டியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் வத்தல்மலை, வருஷத்துக்கு ஒரு தடவை வால்பாறையோ கூர்க்கோ, நடுவில் மாரண்டஅள்ளிப் பக்கம் இருக்கும் எங்கள் தக்காளித் தோட்டத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை என்று என் ஓட்டம் மூன்று விதம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே வண்டி வேண்டும் என்று 2023 தொடக்கத்தில் தேட ஆரம்பித்தேன்.

முதல் இரண்டு மாதம் வீடியோ பார்த்தே வீணாகப் போனது. வீடியோவில் எல்லா வண்டியும் லடாக்கில்தான் ஓடுகிறது. கோடை மழைக்கு அடுத்த நாள் செம்மண் பாதையில் உரமூட்டையோடு யாரும் ஓட்டிக் காட்டுவதில்லை. அப்புறம் ஒரு வேலை செய்தேன். ஒரு மாதம் எங்கெங்கே போகிறேன், எத்தனை கிலோமீட்டர் என்று டைரியில் எழுதி வைத்தேன். வேலைக்கு 1,250. ஊர் சுற்றியது 300. தோட்டத்து மண் பாதை வெறும் 36! மனதில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருந்த விஷயம் கணக்கில் நாற்பதைத் தொடவில்லை. ஆனால் வண்டி விழுவது அந்த முப்பத்தாறில்தான் என்பது பின்னால் தெரிந்தது.

என் உயரம் 5 அடி 4 அங்குலம். அதனால் சீட் உயரத்தைத்தான் முதலில் பார்த்தேன். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இன் சீட் 800 மி.மீ., பார்த்ததிலேயே அதுதான் தாழ்வு. கால் நன்றாகத் தரையில் ஊன்றியது. மனதளவில் அதை வாங்கியே விட்டேன். கிருஷ்ணகிரியில் இருக்கும் நண்பனிடம் ஒருநாள் இரவல் வாங்கித் தோட்டத்துக்குக் கொண்டு போனேன். முந்தின நாள் மழை. செம்மண் டயரில் அப்பிக்கொண்டு, முன்சக்கரம் எங்கே திரும்புகிறது என்றே தெரியவில்லை. பாதை வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் வேகம் குறைந்தது, வண்டி சாய்ந்தது, நான் காலை ஊன்றினேன். கால் எட்டியது, அதில் குறையில்லை. ஆனால் 199 கிலோ சாயத் தொடங்கிவிட்டால் எட்டிய கால் என்ன செய்யும்? மெதுவாக, மரியாதையாக, வாய்க்காலுக்குள் படுத்துக்கொண்டது.

தனியாகத் தூக்கிப் பார்த்தேன். செருப்பு வழுக்குகிறது, வண்டி அசையவில்லை. தக்காளி பறித்துக்கொண்டிருந்த அக்கா இரண்டு பேர் வந்து பின்பக்கம் கைகொடுத்தார்கள். "ஏன் தம்பி, எருமையை விலைக்கு வாங்கி வந்தியா?" என்று ஒரு அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. நல்ல வண்டிதான், நால்வழிச் சாலையில் மலை மாதிரி உட்கார்ந்து போகும். தனியாக மண்ணில் இறங்குகிற ஆளுக்கு, அதுவும் என் உடம்புக்கு, ஒத்துவராது.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி-யை அதுவரை ஒதுக்கி வைத்திருந்தேன். காரணம், சீட் 825 மி.மீ. என்று போட்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு. ஆள் ஏறினதும் ஸ்பிரிங் அமுங்கி வண்டி கொஞ்சம் கீழே வருகிறது. சீட்டின் முன்பக்கம் ஒல்லி, அதனால் தொடை விரியாமல் கால் நேராக இறங்குகிறது. அகலமான சீட்டில் கால் பக்கவாட்டில் விரிவதிலேயே ஒரு அங்குலம் கரைந்துவிடும். இது தெரியாமல் காகிதத்தில் உள்ள எண்ணை வைத்துப் பல பேர் முடிவு செய்கிறார்கள், நானும் அப்படித்தான். முன்பாதம் மட்டும் ஊன்றியது. எடை 158 கிலோ. நாற்பது கிலோ வித்தியாசம் என்றால் சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. ஷோரூம் ஆளிடம் சொல்லிவிட்டு வண்டியைச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்திப் பார்த்தேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்.எக்ஸ் பக்கமும் மனம் போனது. 249 சி.சி., அலாய் வீல், டியூப்லெஸ் டயர். தொப்பூர் கணவாயில் லாரிகளைத் தாண்ட அதில் இருக்கும் தெம்பு எக்ஸ்பல்ஸில் கிடையாது. 85 கி.மீ. வேகத்துக்கு மேல் எக்ஸ்பல்ஸின் கைப்பிடியில் அதிர்வு தெரியும், நூறில் வண்டி கெஞ்சும். நால்வழிச் சாலையே கதி என்றிருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வி-ஸ்ட்ரோம் வாங்கலாம். எனக்கு மண்ணும் கல்லும் வேண்டியிருந்தது. 21 அங்குல முன்சக்கரம் கல்லின் மேல் ஏறி உருளும் சுகத்தை, வத்தல்மலையில் தார் முடிந்து தோட்டங்களுக்குள் போகும் தடத்தில் இரவல் எக்ஸ்பல்ஸை ஓட்டிப் பார்த்த பிறகு விட மனமில்லை. பி.எம்.டபிள்யூ ஜி 310 ஜி.எஸ். வண்டிக்கு, நம் ஓசூரில் டி.வி.எஸ். ஆலையில் செய்தது என்ற பெருமை உண்டு. விலையைக் கேட்டதோடு பெருமையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் எக்ஸ்பல்ஸ்தான். வாங்கும்போது ஒரு சண்டை. நான் போன ஷோரூமில் கொட்டேஷனில் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று நான்காயிரம். எதற்கு என்று கேட்டால், எல்லோரும் தருகிறார்கள் என்றார்கள். பில்லில் அதைத் தனி வரியாக எழுதி முத்திரை போட்டுக் கொடுங்கள் என்றேன். மேனேஜர் உள்ளே போய் வந்தார், நான்காயிரம் காணாமல் போனது. இன்சூரன்ஸிலும் கவனம் வேண்டும். புது டூவீலருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருஷத்துக்குக் கட்டாயம். அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வெளியே விசாரித்ததில் எனக்கு ஆயிரத்து எண்ணூறு மிச்சம்.

இப்போது வாங்கியதன் கஷ்டங்கள். ஸ்போக் வீல், அதாவது கம்பிச் சக்கரம் என்பதால் டயருக்குள் டியூப். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். 21 அங்குல டியூப் நம் பக்கத்துப் பஞ்சர் கடைகளில் கிடைப்பதில்லை. அதனால் ஒரு 21 டியூபும் டயரை நெம்பிக் கழற்றும் இரண்டு லீவரும் எப்போதும் பையில் இருக்கும். அவசரத்துக்கு அதே டியூபைப் பின்பக்க 18 அங்குலத்திலும் திணித்து வீடு வந்து சேரலாம். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் ஒருமுறை அப்படித்தான் வந்தேன்.

இன்னொன்றை எந்த வீடியோவும் சொல்லாது. தை பிறந்தால் எங்கள் பக்கத்துக் கிராமத்து ரோடெல்லாம் களம்தான். ராகிக் கதிரும் கொள்ளுச் செடியும் பரப்பி வைத்து, போகிற வண்டிகள் மிதித்துத் தரட்டும் என்று விட்டுவிடுவார்கள். கொள்ளுக்கொடி பின்சக்கரத்தில் சுற்றி, செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். முதல் தை மாதத்தில் அரை மணி நேரம் குத்தவைத்துக் கத்தியால் அறுத்து எடுத்தேன். இப்போது அங்கே பிரேக்கைத் தொடாமல், நேராக, இரண்டாவது கியரில் போய்விடுவேன்.

தினசரி ஓட்டத்துக்கு லிட்டருக்கு முப்பத்தெட்டு தருகிறது. ஸ்பிளெண்டரைப் பார்த்த கண்ணுக்கு அது பாவம்தான். வாய்க்கால் இடத்தில் இரண்டு தடவை சாய்ந்தது, இரண்டு தடவையும் நானே தூக்கி நிறுத்தினேன். தக்காளிப் பெட்டி ஏற்ற மட்டும் இன்றைக்கும் ஸ்பிளெண்டர்தான். இதன் சீட் உயரத்துக்குப் பெட்டியைத் தூக்கி வைக்க அப்பாவால் முடியவில்லை.